பேரைப் பாக்காதையும்

அவர் என்னிடம் முதன்முதலில் சொன்னது, “ஆறுதலாச் செய்யும்” என்பது. எனக்குச் சுருக்கென்றது. வேலைக்குச் சேர்ந்து அரை நாள்கூட ஆகவில்லை, அதற்குள் எனக்கு ஆறுதல் சொல்ல இங்கே யார் செத்துப்போனார்கள்? நான் ஈப்போவில் பிறந்தவள். எங்கள் தமிழில் ஆறுதல் என்பது துக்க வீட்டில் சொல்வது. யாழ்ப்பாணத்தாருக்கு அது ‘அவசரப்படாமல்’ என்று எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? இன்னொரு நாள், “மனேஜர் என்னை நல்லாப் பேசிப்போட்டார்” என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். “பேசினா நல்லதுதானேண்ணே, பேசாம இருந்தாத்தான் கஷ்டம்” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவைத்தேன். அவர் ஊரில் பேசுவது என்றால் திட்டுவது. ஆமாம் என்பதற்கு ஓம். இதெல்லாம் போதாதென்று என்னை ‘நீர்’ என்பார். நீர், உமக்கு, வாரும், இரும். அதற்கு முன் என்னிடம் அப்படிப் பேசியவன் தமிழ்ப்பள்ளி நாடகத்தில் ராஜா வேஷம் போட்ட பையன்தான்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. சிட்னியின் செவன் ஹில்ஸில் தகரக் கொட்டகைத் தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கும் ஒரு தெருவில் எங்கள் கம்பெனி. கோழிப் பண்ணைகளுக்கான கட்டுப்பாட்டுப் பெட்டிகள் செய்தோம். கொட்டகையில் சூடு ஏறினால் காற்றாடி சுழல வேண்டும், இறங்கினால் ஹீட்டர் எரிய வேண்டும், ஏதாவது பழுதென்றால் பண்ணைக்காரர் வீட்டில் மணி அடிக்க வேண்டும். அந்தப் பெட்டிக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டுகளை வரைவதுதான் எங்கள் இருவருக்கும் வேலை. அவருக்கு அப்போது ஐம்பதை ஒட்டிய வயது. நான் அண்ணே என்பேன், அவர் பிள்ளை என்பார்.

மெலிந்த மனிதர். கோடையிலும் ஸ்வெட்டர். ஏ.சி. தன்னையே குறிவைத்து அடிக்கிறது என்பது அவர் கட்சி. அச்சடித்த வரைபடத்தை மேசையில் விரித்து, பென்சிலின் பின்பக்கத்தால் ஒரு கோட்டைத் தொட்டு, அது போய் முடிகிற இடம்வரை நகர்த்திக்கொண்டே போவார். கோட்டின் மேல் பெயர் எழுதியிருக்கும். அதைப் படிக்க மாட்டார். “அதான் எழுதியிருக்கேண்ணே, அலாரம்னு” என்றால், “பேரைப் பாக்காதையும் பிள்ளை. எந்த வாசலாலை வந்தது எண்டு பாரும்” என்பார். இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிற்று.

வாசல் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒரு பண்ணையில் எட்டுக் கொட்டகைகள் இருக்கும். எட்டுக்கும் தனித்தனியாக யாரும் வரைய மாட்டார்கள். ஒரு கொட்டகைக்கான சுற்றை ஒரே தாளில் வரைவோம். அதற்கு மேலே ஒரு தலைத்தாள். அதில் எட்டுப் பெட்டிகள், எட்டும் அந்த ஒரே தாளைக் காட்டும். ஒரு பிளானை வைத்து ஒரே தெருவில் எட்டு வீடு கட்டுகிற மாதிரிதான். எல்லா வீட்டிலும் குசினி இருக்கும், பெயரும் குசினிதான். அதற்காக எட்டு வீட்டுக்கும் ஒரே அடுப்பு என்று ஆகிவிடாது. ஒரு வீட்டிலிருந்து மற்ற வீட்டுக்குப் போக வேண்டுமானால் வாசல் வழியாக வெளியே வந்துதான் போக வேண்டும். வரைபடத்திலும் ஒவ்வொரு தாளுக்கும் அப்படி வாசல்கள் உண்டு. குசினி என்பது அவர் வாயிலிருந்து வந்த உதாரணம். மலேசியாவில் நாங்களும் குசினி என்றுதான் சொல்வோம். எங்கள் இரண்டு தமிழும் சண்டை போடாமல் ஒத்துப்போன சொற்களில் அது ஒன்று.

அந்தச் சமயத்தில் எங்களை ஒரு பெரிய கம்பெனி வாங்கியது. அவர்கள் வரைவது வேறொரு மென்பொருளில். எங்களுடைய பழைய வரைபடங்கள் அத்தனையும் அதற்கு மாற வேண்டும். “இம்போர்ட் என்று ஒரு பட்டன் இருக்கிறது, அழுத்தினால் வந்துவிடும்” என்றார் மேலாளர். வெள்ளைக்காரர், நல்ல மனிதர், உலகத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு பட்டன் இருப்பதாக நம்பியவர்.

முதல் வரைபடத்துக்குப் பட்டனை அழுத்தியதும் அவரேதான். வந்தது, பார்வைக்கு அச்சு அசலாக. அதை வைத்து போர்டும் செய்து வந்தது. சோதனை மேசையில் வைத்து ஒரே ஒரு சென்சரை ஹேர் டிரையரால் சூடாக்கினோம். எட்டுக் காற்றாடியும் ஒன்றாகச் சுழன்றன! எட்டுத் தாளிலும் சென்சர் கம்பிக்கு ஒரே பெயர். பழைய மென்பொருளுக்கு அவை எட்டு வெவ்வேறு கம்பிகள் என்று தெரியும். புதியதோ பெயர் ஒன்றென்றால் கம்பியும் ஒன்று என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிவிட்டது. மேலாளர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும்தான். மேசையிலிருந்த காகிதமெல்லாம் பறந்து போனது. இவர் மட்டும் சிரிக்கவில்லை. “பேரைக் கண்டோடனை கட்டிப் பிடிச்சுப்போட்டுது விசர்ப் புரோகிராம்” என்று காகிதங்களைப் பொறுக்கத் தொடங்கினார். விசர் என்றால் அவர் ஊரில் பைத்தியம்.

அதன் பிறகு மாற்றுகிற வேலை முழுவதும் எங்கள் தலையில் விழுந்தது. சுலபமான வழி ஒன்று இருந்தது. அடுக்கைக் கலைத்து எல்லாவற்றையும் ஒரே பெரிய தாளில் கொட்டிவிடுவது. பிளாட்டாக்குவது என்போம். இணைப்பு தப்பாது. ஆனால் எட்டுக் கொட்டகையின் பாகங்களும் கலந்து, எல்லாவற்றுக்கும் புது எண் விழுந்து, எது எந்தக் கொட்டகையைச் சேர்ந்தது என்று பிறகு வருகிறவருக்கு விளங்காது. மேலாளர் அதையே செய்யச் சொன்னார். இவர் முடியாது என்றார். “சனத்தை வீட்டாலை எழுப்பி, வெளியிலை கொண்டுவந்து இருத்தி, ஆளுக்கொரு நம்பர் குடுக்கிற வேலை பிள்ளை. என்னாலை ஏலாது” என்று என்னிடம் தமிழில் சொன்னார். மேலாளரிடம் ஆங்கிலத்தில், இது நல்ல முறை இல்லை என்று மட்டும் சொன்னார். ஒவ்வொரு வரைபடத்தையும் அடுக்குக் குலையாமல், வாசல் வாசலாகச் சரிபார்த்து மாற்றினார். வேலை நத்தை வேகத்தில் நடந்தது. அவர் மேல் எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது.

அவர் ஏன் இப்படி என்று எனக்குச் சொன்னது அவருடைய மனைவி. பிளாக்டவுனில் அவர்கள் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போயிருந்தேன். அவர் வெளியே புல்வெட்டிக்கொண்டிருந்தார். அக்கா குசினியில் சொதியைக் கிளறிக்கொண்டே சொன்னார்.

அவருக்கு ஒரு தம்பி. இவர் ஆப்பிரிக்காவுக்குப் படிப்பிக்கப் போனபோது தம்பிக்குக் குரல்கூட உடையவில்லை. பிறகு இலங்கையில் போர். பெற்றோர் போய்ச் சேர்ந்தார்கள். இவரும் நாடு மாறி ஆஸ்திரேலியா வந்துவிட்டார். தம்பி கொழும்புக்கு வந்ததாக ஒரு பேச்சு. ஆட்களைக் கள்ளமாக வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரன் ஒருவனோடு பாங்கொக் வரை போனதாக இன்னொரு பேச்சு. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கையில் இருந்தது தம்பியின் பெயரும் பின்னால் அப்பாவின் பெயரும் மட்டும். இரண்டுமே அவர்கள் ஊரில் வீட்டுக்கு வீடு வைத்த பெயர்கள்.

“ஹோம்புஷிலை அதே பேரிலை ஒருத்தன் இருக்கிறான் எண்டு கேள்விப்பட்டு இவர் ஓடினவர்” என்றார் அக்கா. “நான்தான் உன்ரை அண்ணன், ஆப்பிரிக்காவிலை இருந்தனான், அம்மா இப்பிடி, வீடு இப்பிடி எண்டு எல்லாத்தையும் தானே சொல்லி அழுதிருக்கிறார். அவனும் ஓம் அண்ணை எண்டு அழுதவன். இஞ்சை கூட்டிக்கொண்டு வந்து வைச்சிருந்தம். இந்தக் கதிரையிலைதான் இருப்பான்.”

“அப்புறம்?”

“அம்மான்ரை சமையலைப் பற்றி ஒருநாள் கதை வந்தது. அவன் முழிச்ச முழியிலை எனக்கு விளங்கியிட்டுது. கெட்டவன் இல்லை பிள்ளை. அவனுக்கும் ஒருத்தரும் இல்லை. அண்ணன் எண்டு சொல்லிக்கொண்டு ஒராள் வந்து நிண்டால் நானும் ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன்.”

வெளியே புல்வெட்டும் மெஷின் நின்றுவிட்டது. அக்கா பேச்சை மாற்றி, சொதிக்கு உப்புப் போதுமா என்று என்னைக் கேட்டார். அந்த ஆள் போன பிறகு அவர் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாராம். அதற்குப் பிறகு யாரை விசாரித்தாலும் தன் பெயரைச் சொல்வதில்லை. தன் பக்கத்திலிருந்து ஒரு சொல் கொடுப்பதில்லை. கேள்வி மட்டும் கேட்பார். முதலில் அவன் சொல்லட்டும் என்பதே அவர் முடிவு.

இப்படி இருக்கும்போதுதான் கிரான்பர்ன் விவகாரம் வந்தது. என் தங்கை மெல்பேர்னில் கிரான்பர்னில் குடியிருந்தாள். ஒருநாள் போனில், எதிர் யூனிட்டுக்கு வந்திருக்கும் ஒரு சிலோன்காரர் அவளுடைய வாஷிங் மெஷினைச் சரிசெய்து கொடுத்ததாகச் சொன்னாள். கார்ப் பட்டறையில் வேலை, தனி ஆள், யாரிடமும் பேச்சு வைத்துக்கொள்ளாதவர். பெயரைச் சொன்னாள். அப்பா பெயரையும் சொன்னாள். இரண்டும் அக்கா சொன்ன அதே பெயர்கள்.

மறுநாள் அவரிடம் சொன்னேன். குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, “எந்த ஊராம்?” என்றார். தங்கையைக் கேட்டுச் சொன்னேன். ஊரும் சரியாக இருந்தது. “பெரிய ஊர் பிள்ளை” என்றார்.

“அண்ணே, ஒரு பிளைட்டைப் புடிச்சுப் போய்ப் பாத்துட்டு வாங்க. மெல்பேர்ன் என்ன சந்திரனிலயா இருக்கு?”

“பாத்து? பாத்தால் எனக்குத் தெரியுமே? அவன் அப்ப சின்னப் பெடியன்.”

போகவில்லை. ஒரு மதிய இடைவேளையில், தங்கை சொன்ன எண்ணுக்கு என் மேசையிலிருந்த போனில் கூப்பிட்டார். நான் பக்கத்திலேயே சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். அவர் பக்கத்துப் பேச்சு மட்டும்தான் எனக்குக் கேட்டது. வணக்கம் சொன்னார். உங்களைப் பற்றி ஒரு விஷயம் தெரிய வேண்டும் என்றார். தகப்பனார் பெயர் என்ன, சொந்த ஊர் எது, எந்தப் பள்ளிக்கூடம். ஒவ்வொரு பதிலுக்கும் என்னைப் பார்த்து, சரி என்று தலையாட்டினார். வயர் அவர் விரலில் சுற்றிக்கொண்டே போனது. கடைசியில், “கூடப் பிறந்த ஆக்கள் ஆரும் இருக்கினமோ?” என்றார். கேட்டுக்கொண்டிருந்தார். “ஒருத்தரும் இல்லையோ?” என்று இன்னொரு முறை கேட்டார். பிறகு, “சரி, சிரமத்துக்கு மன்னிக்க வேணும்” என்று வைத்துவிட்டார்.

“என்னாண்ணே?”

“தனிப்பிள்ளையாம்.”

“அப்பா பேரு சரி, ஊரு சரி, பள்ளிக்கூடம் சரி! இன்னும் என்னா வேணும்? நீங்க யாருன்னு ஒரு வார்த்தை சொன்னா வாயில இருக்கிற முத்து உதிர்ந்துருமா?” எனக்கு ஆத்திரத்தில் குரல் ஏறிவிட்டது. அந்தப் பக்கமிருந்த ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“எட்டுத் தாளிலையும் எல்லாம் சரியாத்தான் இருந்தது பிள்ளை” என்றார். “பேர் சொன்னால் ஓம் எண்டு சொல்லுவான். ஹோம்புஷ்காரனும் சொன்னவன். என்னாலை இன்னொருக்கா ஏலாது.”

டப்பாவைத் திறக்காமலே பைக்குள் வைத்துவிட்டேன். ஆனாலும் நான் விடுகிறவள் இல்லை. தங்கையை அனுப்பி இன்னொரு முறை பேசிப் பார்க்கலாம் என்று அந்த வாரமே அவளைக் கூப்பிட்டேன். எதிர் யூனிட்டுக்காரர் காலி செய்துகொண்டு போய்விட்டாராம். எங்கே என்று யாருக்கும் சொல்லவில்லையாம். இதை அவரிடம் சொன்னபோது, “பாவம், பயப்பிடுத்திப்போட்டன்” என்றார்.

அதன் பிறகு அவர் இன்னும் மெதுவாகிவிட்டார். சரிபார்த்ததையே மறுபடி சரிபார்த்தார். மாற்றி முடித்த வரைபடத்தைக் கொடுக்க மனமில்லாமல் பக்கத்தில் வைத்துக்கொண்டிருப்பார். மேலாளரும் எவ்வளவுதான் பொறுப்பார்? ஆள்குறைப்பு வந்தபோது முதலில் போனவர் அவர்தான். மீதி வரைபடங்களை நான் பிளாட்டாக்கித்தான் முடித்தேன். அவற்றில் ஒரு பிழையும் வரவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் மேலாளருக்கு அநியாயம் செய்தவளாவேன்.

வேலை போன பிறகு அவருக்கு நிலையாக ஒன்றும் அமையவில்லை. எப்போதாவது பிளாக்டவுனுக்குப் போவேன். போர் முடிந்த வருடம் போனபோது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். முள்வேலிக்குப் பின்னால் நிற்கும் சனங்களின் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கி, முகம் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் போட்டு ஆட்களைத் தேடித் தரும் பக்கங்கள் இருந்தன. அவர் அவற்றைத் திறக்கவேயில்லை. “சாப்பிட வரச் சொல்லும் பிள்ளை, நான் சொன்னால் கேக்கிறாரில்லை” என்றார் அக்கா. நான் கூப்பிட்டேன். ஓம், வாறன் என்றார். வரவில்லை.

அந்தக் குளிர்காலத்திலேயே மாரடைப்பில் போய்விட்டார்.

செய்தி கேட்டு நான் போனபோது வீடு நிறைய ஆட்கள். தமிழ் வானொலிக்கு மரண அறிவித்தல் கொடுக்க வேண்டும். சிட்னியில் வாசிப்பது மெல்பேர்னிலும் கேட்கும். அவர்கள் வழக்கத்தில் அது பெரிய காரியம். எங்கே பிறந்தவர், எங்கே வாழ்ந்தவர், இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்னாரின் தகப்பன், இன்னாரின் சகோதரர் என்று ஒருவர் விடாமல் சொல்லி, போய்ச் சேர்ந்தவர்கள் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று சேர்ப்பார்கள். அக்காவுக்குப் பேசும் தெம்பு இல்லாததால் போனில் நான்தான் சொன்னேன். வானொலிக்காரர் எழுதிக்கொண்டே வந்து, சகோதரர் பெயரில் நின்றார்.

“இவர் காலஞ்சென்றவரோ?”

நான் போனைப் பொத்திக்கொண்டு அக்காவைப் பார்த்தேன். “போட்டுவிடுங்கோ, இத்தனை வருசமாச்சு” என்றார் உறவுக்காரர் ஒருவர். அக்காவின் ஒரே மகள், “வீ டோன்ட் நோ தட் அம்மா” என்றாள். அக்கா கதிரையை விட்டு எழுந்தே வந்துவிட்டார்.

“எனக்குத் தெரியாத ஒண்டை நான் ஏன் சொல்லவேணும்? பேரை மட்டும் சொல்லும்.”

சொன்னேன்.

இறுதிச் சடங்கன்று மண்டபத்தில் ஐயர் ஆயத்தங்கள் செய்துகொண்டிருந்தார். பிள்ளை என்று இருப்பது மகள் ஒருத்தி, ஆகவே அக்காவின் அண்ணன் மகன் கொள்ளி வைப்பதாகப் பேச்சு. அப்போதுதான் கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு ஆள் வந்து நின்றார். மெல்பேர்னிலிருந்து ஹியூம் நெடுஞ்சாலையில் தனியே கார் ஓட்டி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. நகங்களில் பட்டறைக் கறுப்பு. யாரென்று நான் எழுந்து போய்க் கேட்டேன். பெயரைச் சொன்னார். நான் வானொலிக்குச் சொன்ன தம்பியின் பெயர். முகத்தில் எங்கேயாவது அவர் சாயல் இருக்கிறதா என்று தேடினேன். சத்தியமாக ஒன்றுமே இல்லை. அக்காவிடம் கூட்டிப்போனேன். அக்கா ஒரு கேள்வி கேட்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டுபோய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

வந்தவர் குனிந்து அந்த முகத்தைப் பார்த்தார். “ரேடியோவிலை என்ரை பேர் வாசிச்சுக் கேட்டது” என்றார். “அப்பான்ரை பேர், அம்மான்ரை பேர், பிறகு என்ரை பேர். அண்ணை ஆப்பிரிக்காவிலை எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருந்தனான்.”

“உங்களுக்குத்தான் கிரான்பர்னுக்குப் போன் பண்ணாரே” என்றேன். வாய் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் வந்துவிட்டது.

அவர் என் பக்கம் திரும்பினார். “அவர்... இவரோ?”

நான் தலையாட்டினேன்.

“அவர் பேர் சொல்லேல்லை அக்கா! கேள்வி கேள்வியாக் கேட்டவர். நான் இமிக்ரேஷன் ஆக்கள் எண்டு நினைச்சன். எனக்கு அப்ப தற்காலிக விசா. ஒருத்தரும் இல்லை எண்டு சொல்லச் சொல்லி ஏஜென்சிக்காரன் சொல்லித் தந்தவன், அப்பிடித்தான் கேஸிலையும் குடுத்தனான். கூடப் பிறந்த ஆக்கள் இருக்கினமோ எண்டு ரெண்டு தரம் கேக்க என்னைத் திருப்பி அனுப்பப்போறாங்கள் எண்டு பயந்திட்டன். அண்டைக்கே வீட்டை விட்டிட்டு ஓடினனான். அண்ணை எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால்...”

ஐயருக்கு இதெல்லாம் தெரியாது. அவருக்கு அடுத்த சடங்குக்கு நேரமாகிவிட்டது. தர்ப்பையை எடுத்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துப் பொதுவாகக் கேட்டார்.

“காலமானவருக்குக் கூடப் பிறந்த ஆம்பிளையள் ஆரும் இருக்கினமோ?”

“ஓம்” என்றார் தம்பி. ஐயர் அவரைக் கிட்ட வரச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். அவர் அசையாமல் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, யாரும் கேட்காமலேயே, இன்னொரு தடவையும் “ஓம்” என்றார்.